அரை மில்லி

புதுப்பேட்டையில் எடைக்குத்தான் போட்டார்கள்.
ஏதோ ஓர் ஆம்னி வேனின் முதுகைத் தாங்கிய வில்பட்டை.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பக்கத்து சீட்டுக்காரி
தன் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

கொளத்தூரில் மூன்று மாடிக்கு மேலே,
தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்
ஐந்துக்கு நாலு அடி என்னுடையது.
ட்ரில்லிங் மெஷின், வைஸ், ஒரு டேபிள் ஃபேன்.
ஐந்து நாள் கவுண்டரில் உட்கார்ந்து
ரசீதில் முத்திரை குத்துகிறவளுக்கு
அது போதும்.

வில்லிவாக்கம் மார்க்கெட்டில் தேசம்மாவின் அரிவாள்மனை
பதினோரு மணிக்கெல்லாம் மழுங்கிவிடுகிறது.
"வஞ்சிரம் முள்ளுல வழுக்குது, விரல் போவுது."
இடது ஆட்காட்டி விரலில் நகம் பாதிதான்.
செய்து தருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது,
கையைக் கேட்காமல்.

சென்டர் பஞ்ச் வழுக்கியது.
குறி அரை மில்லி தள்ளி விழுந்தது.
போகட்டும் என்று விட்டேன்.

முதல் பிட் ஆறு நொடி.
கீச்சிட்டது, புகைந்தது,
மூக்கு நீலமாகிச் செத்தது.
பட்டையில் நகக்கீறல் அளவு.

கீழ்வீட்டு சேஷகிரி சார் மூச்சு வாங்க ஏறி வந்தார்:
"உங்க வீட்டுக்காரர்ட்ட கொஞ்சம் சொல்லும்மா. பல்லெல்லாம் கூசறது."
என் வீட்டுக்காரர் ஹாலில்
கிரிக்கெட் முன் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.
சொல்கிறேன் சார் என்றேன்,
எண்ணெய்க் கையைப் பின்னால் மறைத்தபடி.

அடுத்தது கோபால்ட். பிராட்வேயில் நானூற்றிச் சொச்சம்.
வேகத்தைக் குறைத்து அழுத்த வேண்டும், தெரியும்.
நானூறு ரூபாய் நினைவுக்கு வந்து
கை ஒரு கணம் லேசானது.
அவ்வளவுதான்.
வெட்டாமல் தேய்த்தால் எஃகு இன்னும் இறுகும்.
பிட்டைத் தூக்கிப் பார்த்தால்
குழிக்குள் ஒரு குட்டிக் கண்ணாடி,
அதில் என் மூக்குக்கண்ணாடி.

இதற்கு ஓர் உவமை கையெட்டும் தூரத்தில் இருந்தது.
எடுக்கவில்லை.
இரும்பு இரும்பாக இருப்பதே
போதுமான தொல்லை.

இஸ்திரி வண்டி முனிரத்தினம் கரியும் கொடுத்தார்,
ஒரு பெயின்ட் டப்பா நிறைய சாம்பலும் கொடுத்தார்,
எதற்கென்று கேட்கவில்லை.
இருட்டிய பிறகு மூட்டினேன்.
மகளின் ஹேர் டிரையர்தான் துருத்தி.
பழைய ஸ்பீக்கர் காந்தம் நீட்டிப் பார்த்தேன்:
பிடிக்கிறது, பிடிக்கிறது,
இன்னும் பிடிக்கிறது,
ஆரஞ்சுக்குச் சற்று முந்திய சிவப்பில்
சட்டென்று யாரோ எவரோ.
அங்கே எடுத்துச் சாம்பலில் புதைத்தேன்.

இரண்டு மணிக்கு மழை.
நைட்டியோடு ஓடி அண்டாவைக் கவிழ்த்தேன்.
காலையில் தொட்டால் இன்னும் இளஞ்சூடு,
காய்ச்சல் விட்ட பிள்ளை நெற்றி.

அரம் பிடித்தது.
அதே கோபால்ட், அதே குறி, இரண்டு சொட்டு எண்ணெய்.
பிட்டின் இரு பக்கமும்
சுருள் சுருளாக எழுந்து வந்தது.
சத்தமே இல்லை.
சேஷகிரி சாருக்குச் சொல்லியனுப்பலாமா என்றிருந்தது.

வளைத்து, தேய்த்து, மறுபடி சிவக்கவைத்து
பஜ்ஜிக் கடை எண்ணெயில் முக்கினேன்.
மாடிப்படி முழுக்க வாழைக்காய் வாசனை.
கீழிருந்து குரல்: "என்னம்மா, விசேஷமா?"
நான் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
விரிசல் என்றால் டிங்கென்று ஒரு சின்னச் சத்தம் வரும்.
வரவில்லை.

பிறகு கேக் அவனில் இருநூறு டிகிரி, இரண்டு மணி நேரம்.
கண்ணாடிபோல் உடையும் கடினத்தை
எலும்புக்கு ஆகும்படி இறக்குவது.
பட்டறைக்காரர்கள் துவைச்சல் என்பார்கள்.
பனங்கற்கண்டு நிறம் வந்ததும் நிறுத்தினேன்.

தேசம்மா பலகையில் முடுக்கினாள்.
வஞ்சிரத்தின் நடுமுள்ளில் வைத்து இழுத்தாள்.
போய்விட்டது,
முள் இருந்ததே தெரியாமல்.
நன்றி எல்லாம் இல்லை.
குனிந்து ஒற்றைக்கண்ணால் பார்த்தாள்.
"ஓட்டை கோணையா கீது."
"அரை மில்லி" என்றேன்.
"அப்டின்னா எவ்ளோ?"
என் நகத்தின் விளிம்பைக் காட்டினேன்.
அவள் தன்னுடையதை ஒருதரம் பார்த்துவிட்டு
அடுத்த மீனை எடுத்தாள்.